அளவெடுக்காமல் வெட்டலாமா?

விமானம் வடிவமைக்கும் மெய்நிகர் அறைகளும் நாம் கற்க வேண்டிய பாடமும்

எமது மாதர் நிலையத்தில் சனிக்கிழமைதோறும் தையல் வகுப்பு நடைபெறுகின்றது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தையல் ரீச்சர் முதல் நாளே சொல்லும் வசனம் ஒன்றுண்டு. “ஆளைக் கூப்பிட்டு அளவெடுக்காமல் துணியிலை கத்தரிக்கோல் வைக்கக் கூடாது. வெட்டின துணி திரும்பி ஒட்டாது.” அளவெடுத்த பின்னரும் அவர் உடனே துணியை வெட்ட விடுவதில்லை. முதலில் பழைய பத்திரிகைத் தாளில் வெட்டி, அதை உடுத்தப்போகிறவரின் தோளில் வைத்துப் பார்க்க வேண்டும். அது சரிவந்தால்தான் துணி.

இந்த வசனம் எனக்கு மிக ஆழமாக விளங்கியது கொழும்பில் நடைபெற்ற ஒரு கல்விக் கண்காட்சியில்தான். உயர்தரம் படிக்கும் எமது கிராமத்துப் பெண் பிள்ளைகள் இருவரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். ஒரு கூடத்தில், தலையில் மாட்டும் திரைக்கண்ணாடி ஒன்றை வைத்திருந்தார்கள். அதை அணிந்தால் இன்னமும் கட்டப்படாத ஒரு விமானத்தின் உள்ளே நடந்து பார்க்கலாம் என்றார்கள். பிள்ளைகள் தயங்கியதால் நானே முதலில் அணிந்தேன்.

கண்ணெதிரே நீண்ட விமான அறை. இரு பக்கமும் ஆசனங்கள். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகின்றது. மேலே பயணப் பை வைக்கும் பெட்டி இருந்தது. என்னையறியாமல் கையை உயர்த்தினேன், எட்டவில்லை! உண்மையான விமானத்தில் பயணம் செய்தபோதும் எனக்கு அது எட்டவில்லை. பின்னால் நின்ற ஓர் ஐயாதான் என் பையைத் தூக்கி வைத்தார். அந்த நினைவில் சிரிப்பு வந்தது. ஆனால் சில நிமிடங்களில் தலை சுற்றி, வாந்தி வருமாப்போல் ஆகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். அங்கே பொறுப்பாக நின்ற தம்பி தண்ணீர் தந்துவிட்டு, “பொம்பிளையளுக்குக் கொஞ்சம் அப்பிடித்தான் அக்கா” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற என் பிள்ளைகள் இருவரும் அதைக் கேட்டதும் மெதுவாக வரிசையை விட்டு விலகிவிட்டார்கள்.

என் தலைச்சுற்று அன்று மாலையே போய்விட்டது. அவர்கள் விலகியதுதான் மனதை விட்டுப் போகவில்லை. “பொம்பிளையளுக்கு அப்பிடித்தான்” என்பது உண்மைதானா? அந்தக் கேள்வியோடுதான் இந்தத் தொழில்நுட்பம் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். விமானம் கட்டுவதற்கும் எமக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ண வேண்டாம். சம்பந்தம் இருக்கின்றது.

மரத்தில் ஒரு விமானம்

ஒரு பெரிய பயணிகள் விமானத்தில் இலட்சக்கணக்கான பாகங்கள் உண்டு. அவற்றை ஒருவர் தனியே வடிவமைக்க முடியாது. சிறகுக்கு ஒரு குழு, சக்கரத்துக்கு ஒரு குழு, மின்வயர்களுக்கு ஒரு குழு, தண்ணீர்க் குழாய்களுக்கு ஒரு குழு என ஆயிரக்கணக்கானோர் பிரிந்து வேலை செய்வார்கள்.

1969 பெப்ரவரியில் முதன்முதலாகப் பறந்த போயிங் 747 விமானத்துக்காகச் சுமார் 75,000 வரைபடங்கள் கையால் வரையப்பட்டன. ஆனால் தாளிலே வரைந்த இரு பொருட்கள் ஒன்றோடொன்று முட்டுமா என்பதைத் தாள் சொல்லாது. குழாய்க் குழு தன் குழாயை வரைந்த அதே இடத்தில் வயர்க் குழு தன் வயர்க்கட்டையும் வரைந்திருக்கலாம். இதைக் கண்டுபிடிப்பதற்காக விமானத்தின் முழு அளவிலான மாதிரி ஒன்றை மரத்தாலும் பலகையாலும் செய்து பார்த்தார்கள். எங்கள் ரீச்சரின் பத்திரிகைத் தாள் போன்றதுதான் அதுவும். ஆனால் அதைச் செய்யப் பெரும் செலவும் காலமும் தேவைப்பட்டன. செய்து முடிக்கும்போது வடிவமைப்பும் பெரும்பாலும் முடிந்துவிட்டிருக்கும். பிழையைக் கண்டாலும் மாற்றுவது கடினம்.

இதில் இன்னுமொரு விடயமும் உண்டு. பொறியியல் வரைபடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. விமானத்தைப் பழுதுபார்க்கும் தொழிலாளிக்கும், பயணிகளைக் கவனிக்கும் பணிப்பெண்ணுக்கும், எரிபொருள் நிரப்புபவருக்கும் அந்த விமானத்தைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கும். ஆனால் கோடுகளும் இலக்கங்களும் நிறைந்த தாளை அவர்கள் முன் வைத்தால் அவர்கள் என்ன சொல்ல முடியும்? தலையை ஆட்டத்தான் முடியும்.

எல்லோரையும் கூப்பிட்ட விமானம்

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் போயிங் நிறுவனம் 777 என்ற புதிய விமானத்தின் வேலையை ஆரம்பித்தது. முழுவதுமாகக் கணினியில் வடிவமைக்கப்பட்ட முதலாவது பயணிகள் விமானம் என இது அறியப்படுகின்றது. ‘கட்டியா’ என்ற பிரெஞ்சு மென்பொருளில் ஒவ்வொரு பாகமும் மூன்று பரிமாணத்தில் வரையப்பட்டது. இரண்டு பாகங்கள் ஒரே இடத்தைப் பிடித்தால் கணினியே அதைக் காட்டிக் கொடுத்தது. முழு விமானத்துக்குமான மர மாதிரி கைவிடப்பட்டது. சரிபார்ப்பதற்காக முன்பகுதிக்கு மட்டுமே மாதிரி செய்தார்கள்.

ஆனால் சமூகவியல் படித்தவள் என்ற வகையில் என்னைக் கவர்ந்தது மென்பொருளைவிட அவர்கள் ஆட்களை ஒழுங்குபடுத்திய விதமே. வடிவமைப்பவரும், அதைத் தொழிற்சாலையில் செய்பவரும், பின்னர் பராமரிப்பவரும் ஒரே குழுவில் அமரும்படி 238 குழுக்கள் அமைக்கப்பட்டன. விமானத்தை வாங்கவிருந்த விமான சேவைகளும் தொடக்கத்திலேயே அழைக்கப்பட்டன. விமான உடலின் பெரும் பகுதிகளைச் செய்த ஜப்பானியத் தொழிற்சாலைகளின் பொறியியலாளர்களும் இதே கணினி மாதிரியிலேயே வேலை செய்தார்கள்.

இவ்வாறு கூப்பிட்டதன் பயனுக்கு ஒரு சிறு உதாரணம். 777இன் சிறகு மிக உயரமானது. எரிபொருள் நிரப்பும் இடத்தைப் பொறியியலாளர்கள் தமக்கு வசதியான ஓரிடத்தில் சிறகில் அமைத்திருந்தார்கள். கணக்கிலே பிழை இல்லை. ஆனால் யுனைட்டட் விமான சேவையிலிருந்து வந்தவர்கள், “எமது எரிபொருள் வண்டிகளுக்கு அந்த உயரம் எட்டாது” என்றார்கள். விமான நிலையத்தில் நாளாந்தம் நிற்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த உண்மை அது. அந்த இடம் மாற்றப்பட்டது. விமானம் கட்டி முடிந்த பின்னர் இது தெரியவந்திருந்தால் எவ்வளவு நட்டம்!

முதலாவது 777இன் பாகங்களைப் பொருத்தியபோது ஏற்பட்ட விலகல் 0.023 அங்குலம் மட்டுமே. விளையாட்டுச் சீட்டு ஓரிரண்டின் தடிப்பு அளவு. 1994 ஜூன் 12இல் அது முதன்முதலாகப் பறந்தது. மறுவருடம் யுனைட்டட் சேவையில் 777 விமானங்கள் பயணிகளை ஏற்றத் தொடங்கின. யுனைட்டட்டுக்குக் கிடைத்த முதல் 777க்கு வைத்த பெயர் ‘சேர்ந்து உழைத்தல்’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல். பொருத்தமான பெயர்தான்.

திரைக்கு உள்ளே போதல்

777 காலத்தில் பொறியியலாளர்கள் கணினித் திரைக்கு வெளியே இருந்துகொண்டுதான் விமானத்தைப் பார்த்தார்கள். அடுத்த படி, திரைக்கு உள்ளேயே போய்விடுவது.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நான் அணிந்தது போன்ற திரைக்கண்ணாடி. எமது இரண்டு கண்களும் ஒரு பொருளைச் சற்று வேறுபட்ட கோணங்களில் பார்ப்பதால்தான் எமக்கு ஆழமும் தூரமும் தெரிகின்றன. திரைக்கண்ணாடியும் இடக்கண்ணுக்கு ஒரு படமும் வலக்கண்ணுக்கு வேறொரு படமும் காட்டுகின்றது. தலை எந்தப் பக்கம் திரும்புகின்றது என்பதை அளந்து, அதற்கேற்ப இரு படங்களையும் உடனுக்குடன் மாற்றுகின்றது. மூளை அதை உண்மையான இடமாகவே எடுத்துக்கொள்கின்றது. 1968இல் ஐவன் சதர்லாந்து என்ற அமெரிக்க விஞ்ஞானி இதற்கு முன்னோடியான கருவியைச் செய்தபோது, அது பாரமாக இருந்ததால் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்ததாம்.

இரண்டாவது வழி ஓர் அறை. சுவர்களிலும் தரையிலும் படத்தை வீசி, உள்ளே நிற்பவர்கள் விசேட மூக்குக்கண்ணாடி அணிந்து பார்ப்பது. ‘குகை’ என்ற பொருள்படும் பெயர் கொண்ட இந்த அறையை 1992இல் சிக்காகோவில் உருவாக்கிக் காட்டிய மூவரில் ஒருவர் பெண். கரோலினா குரூஸ்-நெய்ரா என்பது அவரது பெயர். அப்போது அவர் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்தார். திரைக்கண்ணாடி அணிந்தவர் வெளியுலகத்தை மறந்து தனித்துப் போகின்றார். ஆனால் இந்த அறையிலே பலர் ஒன்றாக நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, “இந்த இடத்தில் கை நுழையாது”, “இந்தப் படி உயரம்” என்று கதைக்கலாம். சேர்ந்து வடிவமைப்பதற்கு இது மிகவும் ஏற்றது. விமானத்துறையும் மோட்டார்த்துறையும் இவ்வாறான அறைகளை அமைக்கத் தொடங்கின.

இங்கே நான் படித்த ஒரு நுணுக்கம் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அந்த அறையின் ஆரம்ப வடிவத்தில் பலர் நின்றாலும் ஒருவரின் தலை அசைவு மாத்திரமே அளக்கப்படும். அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால்தான் காட்சி முற்றிலும் சரியாக இருக்கும். பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கோடுகள் சற்று வளைந்தே தெரியும். எல்லோரும் உள்ளே நிற்கின்றார்கள். ஆனால் உலகம் ஒருவரின் கண்ணுக்கே சரியாக அமைகின்றது. எமது கூட்டங்கள் பலவற்றிலும் நிலைமை இதுதானே?

இன்று திரைக்கண்ணாடிகளின் பாரமும் விலையும் குறைந்துவிட்டன. வெவ்வேறு நாடுகளில் இருப்பவர்கள் ஒரே கணினி விமானத்துக்குள் ஒரே நேரத்தில் நுழைந்து, ஒருவர் நிற்கும் இடத்தை மற்றவர் பார்த்தபடி கலந்துரையாட முடிகின்றது. ஒவ்வொருவருக்கும் அவரவர் கோணத்திலேயே காட்சி தெரிகின்றது.

இதோடு ஒட்டிய இன்னொரு முறை, உண்மைப் பொருளின் மேல் கணினிப் படத்தைப் பதித்துக் காட்டுவது. 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தின் ரொம் கோடெல், டேவிட் மிசெல் ஆகியோர் வயர்க்கட்டு கட்டும் தொழிலாளருக்கு உதவியாக இந்த யோசனையை முன்வைத்தார்கள். பெரிய பலகைகளில் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து வயர் கோர்ப்பவருக்கு, எந்த வயர் எங்கே போக வேண்டும் என்பது கண் முன்னேயே தெரிய வேண்டும் என்பதே நோக்கம். பின்னாளில் எயார்பஸ் நிறுவனம் ஏ380 விமானத்தின் உள்ளே பொருத்தப்பட்ட பல்லாயிரக்கணக்கான தாங்கிகளைச் சரிபார்க்க இவ்வாறான முறையைப் பயன்படுத்தியது. மூன்று வாரம் எடுத்த வேலை மூன்று நாட்களில் முடிந்ததாக அந்நிறுவனம் கூறியது.

கருவி இருந்தும் ஒற்றுமை இல்லையெனில்

கருவி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கும் விமானத்துறையிலேயே பெரிய உதாரணம் இருக்கின்றது.

எயார்பஸ் ஏ380 இரண்டு மாடிகள் கொண்ட, உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானம். அதன் உள்ளே சுமார் 530 கிலோமீற்றர் நீளமான மின்வயர்கள் ஓடுகின்றன. வயர்களின் எண்ணிக்கை சுமார் ஓர் இலட்சம். விமான உடலின் பகுதிகள் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலும் ஏனைய நாடுகளிலும் செய்யப்பட்டு, பிரான்ஸின் துலூஸ் நகரில் பொருத்தப்பட்டன. 2005 ஏப்ரல் 27இல் முதல் விமானம் வெற்றிகரமாகப் பறந்தது. உலகமே கைதட்டியது.

ஆனால் அடுத்தடுத்த விமானங்களைப் பொருத்தும்போது, ஹம்பேர்க்கிலிருந்து வந்த வயர்க்கட்டுகள் உரிய இடத்தைச் சென்றடையவில்லை. வயர்கள் கட்டையாக இருந்தன! காரணம் என்ன? ஜேர்மனியிலும் ஸ்பெயினிலும் ‘கட்டியா’ மென்பொருளின் 4ஆம் பதிப்பைப் பாவித்தார்கள். பிரான்ஸிலும் பிரித்தானியாவிலும் 5ஆம் பதிப்பு. ஒன்றில் செய்த மாற்றம் மற்றதில் சரியாகப் போய்ச் சேரவில்லை. வயர் ஒரு மூலையில் வளையும்போது எவ்வளவு நீளம் எடுக்கும் என்ற கணக்கு பிசகிவிட்டது. நூற்றுக்கணக்கான ஜேர்மன் தொழிலாளர்கள் துலூஸுக்குச் சென்று கையால் வயர்களைத் திருத்த வேண்டியதாயிற்று.

2006 ஜூனிலும் ஒக்டோபரிலும் தாமதங்கள் அறிவிக்கப்பட்டன. பெரிய தலைகள் பதவி விலகின. 2010 வரை இலாபத்தில் 480 கோடி யூரோ இழப்பு ஏற்படும் என மதிப்பிடப்பட்டது. முதல் விமானம் சிங்கப்பூர் விமான சேவைக்குக் கையளிக்கப்பட்டது 2007 ஒக்டோபரில், ஏறக்குறைய இரண்டு வருடத் தாமதத்துடன்.

இது வெறும் மென்பொருள் பிரச்சினையா? எயார்பஸ் 1970இல் பல நாட்டு நிறுவனங்களின் கூட்டாகவே தொடங்கியது. ஒரே கம்பனியாக மாறியது 2001இல்தான். பெயர் ஒன்றானாலும் ஒவ்வொரு இடமும் தன் பழைய கருவியையும் பழைய பழக்கத்தையும் விடவில்லை. கூட்டுக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் தனித்தனி அளவுக் கொத்து வைத்துக்கொண்டு ஒரே பானையில் அரிசி போட்டதுபோல் ஆயிற்று. ஒரே மாதிரியைப் பார்க்கிறோம் என்று நினைத்தார்கள். ஆனால் பார்த்தது ஒன்றல்ல.

யாருடைய உடல்?

இப்போது பெண்களாகிய எமக்கு மிக நெருக்கமான கேள்விக்கு வருவோம். கணினி விமானத்துக்குள் நிற்கும் மனிதர் யார்?

1960களில் போயிங் நிறுவனத்தில் வில்லியம் ஃபெற்றர் என்ற வடிவமைப்பாளர், விமானியறையில் இருப்பவருக்குக் கை எட்டுமா என்று பார்ப்பதற்காகக் கணினியில் ஒரு மனித உருவத்தை வரைந்தார். கணினியில் வரையப்பட்ட மிகப் பழைய மனித உருவங்களுள் அதுவும் ஒன்று. அதன் பெயர் ‘போயிங் மனிதன்’. அது ஓர் ஆண்.

அதற்கு முன்னரேயே ஒரு படிப்பினை கிடைத்திருந்தது. 1950இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளின் உடல் அளவுகளை எடுத்தது. கில்பேர்ட் டானியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர், அவற்றிலே முக்கியமான பத்து அளவுகளை எடுத்து, பத்திலும் சராசரிக்குக் கிட்டவாக இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவர்கூட இல்லை! சராசரி மனிதனுக்கென்று செய்த ஆசனம் உண்மையில் எவருக்குமே பொருந்தாது என்பது அப்போதுதான் விளங்கியது. ஆசனத்தையும் பாதமிதியையும் ஆளுக்கேற்ப நகர்த்தும் முறை இதன் பின்னரே வலுப்பெற்றது. எங்கள் தையல் ரீச்சர் இதைக் கேட்டால், “இதை என்னட்டைக் கேட்டிருக்கலாமே” என்பார்.

ஆனால் அந்த 4,063 பேரும் ஆண்கள். 1993 ஏப்ரலில் அமெரிக்காவில் போர் விமானங்களைப் பெண்களும் ஓட்டலாம் என அறிவிக்கப்பட்டது. கதவு திறந்தாயிற்று. ஆனால் ஆசனம்? அக்காலத்தில் திட்டமிடப்பட்டிருந்த புதிய பயிற்சி விமானத்துக்கு, விமானியின் இருந்த நிலை உயரம், அதாவது ஆசனத்திலிருந்து உச்சந்தலை வரையான அளவு, குறைந்தது 34 அங்குலம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. அதன்படி பெண்களில் பெரும்பாலானோர் தகுதி பெறமாட்டார்கள். சட்டம் அனுமதித்ததை ஓர் ஆசனத்தின் அளவு தடுத்துவிடும் நிலை! பெண்கள் அமைப்புகளும் அதிகாரிகள் சிலரும் இதைச் சுட்டிக்காட்டினர். நிபந்தனை மாற்றப்பட்டு, குறைந்த உயரமுள்ளவர்களுக்கும் ஏற்றதாக ரி-6 என்ற விமானம் வந்தது. மாற்ற முடிந்ததற்குக் காரணம், அந்த விமானம் அப்போது கட்டி முடிக்கப்பட்டிருக்கவில்லை என்பதே.

எல்லா விமானங்களுக்கும் அவ்வாறு நடக்கவில்லை. ஆண் விமானிகளிடம் 1967இல் எடுத்த அளவுகளே நீண்ட காலம் அடிப்படையாக இருந்தன. 2020 மே மாதத்தில்தான் அமெரிக்க விமானப்படை தன் பொதுவான உயர நிபந்தனையை நீக்கியது. அந்த நிபந்தனையால், விசேட அனுமதி கேட்டு வாங்காவிட்டால், அந்நாட்டின் 20 முதல் 29 வயதான பெண்களில் சுமார் 44 வீதமானோர் தகுதியற்றவர்களாக இருந்தார்கள். அதே வருடம் ஓகஸ்டில், இனி வடிவமைக்கும் விமானங்கள் பெண்களையும் உள்ளடக்கிய இன்றைய அளவுகளைக் கொண்டே அமைய வேண்டும் எனப் பணிக்கப்பட்டது. நான் பேசுவது போர் விமானங்களுக்கு ஆதரவாக அல்ல. போரின் விலை எமக்குத் தெரியும். ஓர் அளவு எத்தனை பேரின் வாசலை மூடும் என்பதற்காகவே இதைச் சொல்கின்றேன்.

தலைச்சுற்றின் உண்மைக் காரணம்

இனி என் தலைச்சுற்றுக்கு வருகின்றேன். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 18 ஆண்களும் 18 பெண்களும் திரைக்கண்ணாடி அணிந்து ஒரு விளையாட்டில் ஈடுபட்டார்கள். பெண்களில் 14 பேருக்குக் குமட்டலும் தலைச்சுற்றும் வந்தன. ஆண்களில் 6 பேருக்கே வந்தன. கண்காட்சித் தம்பி சொன்னது சரிதானே என்று தோன்றும்.

ஆனால் 2020இல் கே ஸ்டானி என்ற பெண் ஆய்வாளரும் அவரது குழுவினரும் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள். பிழை பெண்ணின் உடலிலா, கண்ணாடியிலா? இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் வேறுபடும். பெண்களுக்கு அது சராசரியாக ஆண்களைவிடச் சில மில்லிமீற்றர் குறைவு. திரைக்கண்ணாடியின் இரு வில்லைகளும் அந்தத் தூரத்துக்குச் சரியாக அமையாவிட்டால் கண் சிரமப்படும், தலை சுற்றும். அவர்கள் சோதித்த கண்ணாடியில் வில்லைகளை ஓரளவுக்கு மேல் கிட்டக் கொண்டுவர முடியாது. அதனால் பல பெண்களுக்கு அது பொருந்தவில்லை. கண்ணாடி சரியாகப் பொருந்திய பெண்களுக்கோ ஆண்களைப் போன்ற அனுபவமே கிடைத்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்ல முடியாது. கூடவே கோபமும் வந்தது. விமானத்தை எல்லோரும் சேர்ந்து வடிவமைக்கவென்று ஒரு கருவி. அந்தக் கருவியே பாதிப் பேரின் கண்ணை அளக்காமல் செய்யப்பட்டிருக்கின்றது. கூட்டத்துக்கு அழைத்துவிட்டு, இருக்கக் கதிரை போடாததுபோல. நாம் எழுந்து வந்துவிட்டால், “அவர்களுக்கு விருப்பமில்லை” என்று எழுதிவிடுவார்கள்.

நான் கையொப்பம் வாங்கிய வரைபடம்

மற்றவர்களின் பிழையை எழுதும்போது என் பிழையையும் எழுத வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னர் வன்னியில் ஒரு வீட்டுத்திட்டத்தில் களப்பணியாளராக இருந்தேன். வீட்டு வரைபடத்தைப் பயனாளிகளிடம் காட்டி, சம்மதக் கையொப்பம் வாங்குவது என் வேலை. ஒவ்வொரு வீடாகச் சென்றேன். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களே அதிகம். தாளை விரித்து, “இது விறாந்தை, இது அறை, இது குசினி” என்று காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் கையொப்பமிட்டார்கள். ‘மக்கள் பங்களிப்புடன்’ என்று அறிக்கை எழுதினேன்.

வீடுகள் கட்டி முடிந்த பின்னர் ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவர் குசினியில் சமைக்கவில்லை. பின்பக்கம் தகரம் சாய்த்து, அதன் கீழே அடுப்பு மூட்டியிருந்தார். குசினி வாசல் சோளகக் காற்றுக்கு நேரே இருந்தது. அடுப்பு மூட்டினால் புகை முழுவதும் வீட்டுக்குள். “ஏன் அம்மா அப்ப சொல்லேல்லை?” என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. “நீ காட்டின தாளிலை காத்து எந்தப் பக்கத்தாலை அடிக்குதெண்டு எனக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்?” என்றார்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அவரிடம் அறிவு இருந்தது. அந்த மண்ணின் காற்று எத்திசையில் எந்த மாதத்தில் வீசும் என்பது வரைந்தவரைவிட அவருக்கே தெரியும். நான் அவரைக் கேட்டது அவருக்கு விளங்காத மொழியில். விமான நிலையத்து எரிபொருள் வண்டியைப் பற்றிச் சொல்ல ஆட்களை அழைத்தது போன்ற வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது போல நான் எழுதிவிட்டேன்.

கயிறும் சுண்ணாம்பும்

திரைக்கண்ணாடியின் பெறுமதி எனக்கு இந்த இடத்தில்தான் விளங்குகின்றது. வரைபடம் வாசிக்கத் தெரியாதவரும் உள்ளே நடந்து பார்த்து, கையை நீட்டிப் பார்த்து, “எனக்கு எட்டவில்லை” என்று சொல்லலாம். அதுவும் இரும்பு வெட்டப்படுவதற்கு முன்னர். அதற்காக அழைக்கப்படவும் வேண்டும்; கருவி அவருக்குப் பொருந்தவும் வேண்டும்; அவர் சொன்னதைக் கேட்டு மாற்றவும் வேண்டும். இம்மூன்றும் இல்லையென்றால் மிக விலையுயர்ந்த கண்ணாடியும் நான் விரித்த தாளைவிட மேலானதல்ல.

எம்மிடம் அந்தக் கண்ணாடிகள் இல்லை. ஆனால் கயிறும் சுண்ணாம்பும் இருக்கின்றன. சென்ற வருடம் எமது மாதர் நிலையத்துக்குப் புதிய கட்டடம் என்ற பேச்சு வந்தபோது, வரைபடத்தை மேசையில் விரிக்க நான் விடவில்லை. காணியிலேயே முளை அடித்து, கயிறு கட்டி, சுவர் வரும் இடமெல்லாம் சுண்ணாம்புக் கோடு போட்டோம். வாசலுக்கு இரண்டு தடி. தையல் மெஷின்களுக்குக் கதிரைகள். அடுப்புக்கு மூன்று கல். பிறகு எல்லோரையும் உள்ளே நடக்கச் சொன்னோம்.

வழமையாகக் கூட்டங்களில் வாயே திறவாத பெண்கள் அன்று கதைத்தார்கள். “இந்த வாசலாலை தண்ணிக் குடத்தோடை திரும்பேலாது” என்றார் ஒருவர். “மெஷினுக்கு வெளிச்சம் இடப்பக்கத்தாலை வரவேணும்” என்றார் தையல் ரீச்சர். சக்கர நாற்காலியில் வரும் ஒரு தங்கை, மலசலகூடத்துக்குப் போட்டிருந்த கோட்டுக்குள் நுழைந்து திரும்ப முயன்றாள், முடியவில்லை. ஒருவரும் எதுவும் சொல்லத் தேவை இருக்கவில்லை. அழித்துவிட்டுக் கோட்டை அகலமாகப் போட்டோம். சுண்ணாம்புக் கோட்டை அழிக்க ஒரு நிமிடம் போதும். சுவர் எழும்பியிருந்தால்?

கண்காட்சிக்கு வந்த பிள்ளைகள் இருவருக்கும் அந்த ஆய்வைப் பற்றிச் சொன்னேன். அவர்களுள் ஒருத்தி கணிதப் பிரிவில் படிக்கின்றாள். “அப்ப அண்டைக்குப் பிழை எங்களிலை இல்லைத்தானே அக்கா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப அந்தக் கண்ணாடியைத் திருத்திச் செய்யிறதுக்கு என்ன படிக்க வேணும்?” என்று அடுத்ததாகக் கேட்டாள். அவளுடைய கணித ஆசிரியரிடம் இருவருமாகப் போய் விசாரிப்பதாகத் தீர்மானித்திருக்கின்றோம்.

சகோதரிகளே, வீடோ, கிணறோ, சந்தைக் கட்டடமோ, பாடசாலை மலசலகூடமோ, அடுத்த தடவை யாராவது ஒரு வரைபடத்தை விரித்துக் கையொப்பம் கேட்டால், உடனே பேனையை வாங்காதீர்கள். “இதை நிலத்திலே கீறிக் காட்டுங்கள், நாங்கள் ஒருக்கா நடந்து பார்க்கவேணும்” என்று கேளுங்கள். விளங்கவில்லை என்று சொல்வது வெட்கமல்ல. நாம் சொல்லாமல் விட்டால், வெட்டின துணி திரும்பி ஒட்டாது.